ஜிசிசி இருக்கிறது, கணினி இல்லை என்கிறது: பாத் கோளாறைப் பிடிப்பது எப்படி

பெரியபட்டினத்திலிருந்து இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. துபாயிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய லேப்டாப், விண்டோஸ் 10. எம்சிஸ்2 என்ற மென்பொருள் தொகுப்பை இறக்கி, சி நிரலை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் ஜிசிசி என்ற கம்பைலரைப் போட்டிருக்கிறார், விண்டோஸ் புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான பாத்தில் சேர்த்தும் இருக்கிறார். ஆனாலும் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டில் ஜிசிசி என்று அடித்தால் 'நாட் ரெகக்னைஸ்டு' என்றுதான் வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டும் அதே கதை. நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் ஒரு தடவை ஓடுவது போலப் போக்குக் காட்டி, கேள்விக்குறிகள் நிறைந்த ஏதோ ஒரு முகவரியைக் காட்டி நின்றுவிட்டதாம். வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். அன்றைய டேட்டாவும் தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன செய்ய என்கிறார்.

தம்பி, அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதை முதலில் நிறுத்துங்கள். 'நாட் ரெகக்னைஸ்டு' என்ற செய்தி ஜிசிசி பழுது என்று சொல்லவில்லை. "என்னிடம் இருக்கும் ஃபோல்டர் பட்டியலில் இந்தப் பெயரில் ஒரு ஃபைலும் காணோம்" என்றுதான் சொல்கிறது. பட்டியல் தப்பாக இருந்தால் எத்தனை தடவை இறக்கினாலும் இதே பதில்தான். பாம்பன் முதல் ஏர்வாடி வரை நம் கரையோரத்துப் பிள்ளைகள் பலர் மாடியேறிச் சிக்னல் பிடித்து ராத்திரி முழுக்க இறக்குகிறார்கள். அந்த டேட்டாவில் பாதி இப்படி வீணாகிறது என்பது என் வயிற்றெரிச்சல். இனி நான் சொல்வதில் பெரும்பகுதிக்கு நெட்டே தேவையில்லை.

கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்பாக எழுதுகிறேன். அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கமாண்ட் பிராம்ப்டில் ஒரு பெயரை அடித்து என்டர் தட்டினால், அது தன் சொந்தக் கட்டளையா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் நீங்கள் அப்போது நிற்கும் ஃபோல்டரில் தேடும். அங்கேயும் இல்லையென்றால் பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (விண்டோஸ் பெயர் போட்டு வைத்திருக்கும் ஒரு செட்டிங்) எடுத்து, அதில் செமிகோலன் போட்டுப் பிரித்திருக்கும் ஃபோல்டர்களில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தேடும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் உள் ஃபோல்டர்களுக்குள் இறங்கிப் பார்க்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் ஃபைல் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிஸ்2-வை வழக்கமான இடத்தில் போட்டிருந்தால் ஜிசிசி இருக்க வேண்டிய முகவரி இது:

சி:\எம்சிஸ்64\யுசிஆர்டி64\பின்\ஜிசிசி.இஎக்ஸ்இ

அங்கே போய்ப் பார்த்தால் ஃபைலே இல்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். எம்சிஸ்2-வின் இன்ஸ்டாலரில் ஜிசிசி கிடையாது. அது ஒரு டெர்மினலையும் பேக்மேன் என்ற பேக்கேஜ் மேனேஜரையும் மட்டும் தரும். கம்பைலரை நாம்தான் தனியாக வரவழைக்க வேண்டும். வீடியோ பார்த்து இன்ஸ்டால் செய்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நழுவுகிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ்2 யுசிஆர்டி64 என்று இருப்பதைத் திறந்து 'பேக்மேன் -எஸ் மிங்டபிள்யூ-டபிள்யூ64-யுசிஆர்டி-எக்ஸ்86_64-ஜிசிசி' என்று அடித்தால் வந்துவிடும். பெயர் நீளமாக இருக்கிறதே என்று 'பேக்மேன் -எஸ் ஜிசிசி' என்று சுருக்கிவிடாதீர்கள். அதுவும் ஒரு ஜிசிசியைத் தரும், ஆனால் அது யுஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அதில் கம்பைல் செய்த புரோகிராம் எம்சிஸ்-சின் டிஎல்எல் ஃபைல் (புரோகிராம் ஓடும்போது துணைக்கு எடுத்துக்கொள்ளும் ஃபைல்) பக்கத்தில் இல்லாமல் ஓடாது.

ஃபைல் இருந்தால், முழு முகவரியையும் அடித்துப் பின்னால் '--வெர்ஷன்' சேர்த்து என்டர் தட்டுங்கள். பதிப்பு எண் வந்தால் உங்கள் ஜிசிசி நல்லபடியாக இருக்கிறது, பிரச்சினை பட்டியலில்தான். ஆனால் இதை வைத்துக்கொண்டு, "சரி, பாத்தே வேண்டாம், முழு முகவரி கொடுத்தே கம்பைல் செய்துகொள்கிறேன்" என்று கிளம்பினால் வேறு விதமாக மாட்டுவீர்கள். ஜிசிசி.இஎக்ஸ்இ என்பது மேஸ்திரி மாதிரி. உண்மையான கம்பைல் வேலையைச் செய்வது லிப் ஃபோல்டருக்குள் ஆழத்தில் இருக்கும் சிசி1 என்ற வேறொரு புரோகிராம். அதற்கு வேண்டிய டிஎல்எல் ஃபைல்கள் 'பின்' ஃபோல்டரில் இருக்கின்றன. விண்டோஸ் டிஎல்எல் தேடுவதும் பாத்தை வைத்துத்தான். பாத்தில் அந்த ஃபோல்டர் இல்லையென்றால் சிசி1 கிளம்பும்போதே விழுந்துவிடும். திரையில் ஒரு பிழையும் வராது, இஎக்ஸ்இ ஃபைலும் வராது. விஎஸ் கோடில் கம்பைலரின் முழு முகவரியைச் சரியாகக் கொடுத்தும் பில்ட் மட்டும் ஊமையாகத் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி பட்டியல். கமாண்ட் பிராம்ப்டில் 'எக்கோ %பாத்%' என்று அடியுங்கள். வருவதில் உங்கள் ஃபோல்டர் இருக்கிறதா? செட்டிங்ஸில் சேர்த்தது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இங்கே வரவில்லை என்றால், நீங்கள் சேர்ப்பதற்கு முன்பே திறந்த ஜன்னலில் நின்று கேட்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு புரோகிராம் கிளம்பும்போது, தன்னைக் கிளப்பிவிட்ட புரோகிராமிடமிருந்து இந்த வேரியபிள்களின் ஒரு நகலை வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. கரையில் ஏற்றிய ஐஸும் டீசலும்தான் படகுக்கு. அது கடலுக்குப் போன பிறகு கரையில் இறக்கி வைத்த ஐஸ் அதற்குப் போய்ச் சேராது. ஆகவே அந்த ஜன்னலை மூடிவிட்டு ஸ்டார்ட் மெனுவிலிருந்து புதிதாகத் திறக்க வேண்டும்.

விஎஸ் கோடில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். அதற்குள் இருக்கும் டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. டெர்மினலைக் கிளப்புவது விஎஸ் கோடு. அதனிடம் இருப்பது பழைய நகல். திறந்திருக்கும் விஎஸ் கோடு ஜன்னல்கள் அத்தனையையும் மூடிவிட்டுத் திறங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தாலும் சரியாகும்தான், ஆனால் அது தேவையில்லை. கல்லூரி லேபில் ரீஸ்டார்ட் செய்யவே கூடாது என்றுகூடச் சொல்வேன்: பல லேப்களில் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும் மென்பொருள் போட்டிருப்பார்கள், நீங்கள் சேர்த்தது மொத்தமும் போய்விடும்.

விஎஸ் கோடில் டெர்மினல் திறந்தால் பெரும்பாலும் வருவது பவர்ஷெல் என்ற வேறொரு கட்டளை ஜன்னல், கமாண்ட் பிராம்ப்ட் அல்ல. அங்கே 'எக்கோ %பாத்%' என்று கேட்டால் நீங்கள் அடித்ததையே திருப்பிச் சொல்லும். '$என்வ்:பாத்' என்று அடிக்க வேண்டும்.

புது ஜன்னலிலும் உங்கள் ஃபோல்டர் வருகிறது, இருந்தும் ஜிசிசி கிடைக்கவில்லை என்றால் எழுதிய வரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'பின்' வரைக்கும் போகாமல் சி:\எம்சிஸ்64 என்று நிறுத்தியிருப்பார்கள்; உள் ஃபோல்டருக்குள் அது இறங்காது என்று மேலே சொன்னேன். இல்லையென்றால் ஆர்வக்கோளாறில் ஜிசிசி.இஎக்ஸ்இ வரைக்கும் எழுதியிருப்பார்கள். பாத்தில் எழுத வேண்டியது ஃபோல்டரைத்தான், ஃபைலை அல்ல. எம்சிஸ்2 இல்லாமல் ஜிசிசியை ஜிப் ஃபைலாக இறக்கி விரித்தவர்களுக்கு மிங்டபிள்யூ64 என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு மிங்டபிள்யூ64 முளைத்திருக்கும். அதற்குத்தான் கையால் அடிக்காதீர்கள் என்கிறேன். அந்த ஃபோல்டரை எக்ஸ்புளோரரில் திறந்து, ஜிசிசி.இஎக்ஸ்இ கண்ணில் படுகிற இடத்தில் நின்று, மேலே இருக்கும் முகவரியைக் காப்பி செய்து ஒட்டுங்கள்.

விண்டோஸ் 10, 11-இல் பாத்தை எடிட் செய்யத் திறந்தால் ஒவ்வொரு ஃபோல்டரும் தனித்தனி வரியாக வரும். விண்டோஸ் 7-இல் எல்லாம் ஒரே நீளக் கோடு, செமிகோலனை நாமே போட வேண்டும். கடற்கரை ஊர்களில் பழைய லேப்டாப் கீபோர்டில் உப்பு பூத்து ஏதாவது ஒரு கீ செத்துக் கிடப்பது சகஜம். அது செமிகோலனாக இருந்து தொலைத்தால் 'ஓஎஸ்கே' என்று ரன் பாக்ஸில் (விண்டோஸ் கீயோடு ஆர் தட்டினால் வரும் பெட்டி) அடித்துத் திரைக் கீபோர்டை வரவழைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரே நீளக் கோட்டில் நடக்கிற பெரிய விபத்து, பழையதையெல்லாம் அழித்துவிட்டு ஜிசிசி ஃபோல்டரை மட்டும் எழுதி ஓகே கொடுப்பது. அப்புறம் பிங், ஐபிகான்ஃபிக் எதுவும் 'நாட் ரெகக்னைஸ்டு' ஆகிவிடும். பதற வேண்டாம். அதற்கு முன்பே திறந்திருந்த கமாண்ட் பிராம்ப்ட் ஏதாவது மூடாமல் இருந்தால் அதில் பழைய நகல் அப்படியே இருக்கும். அதில் எக்கோ போட்டுக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மூடிவிடாதீர்கள். அதுவும் இல்லையென்றால் சிஸ்டம் பாத்தில் குறைந்தபட்சம் இவற்றையாவது திருப்பி எழுதுங்கள்: %சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32, %சிஸ்டம்ரூட்%, %சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32\டபிள்யூபெம், %சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32\விண்டோஸ்பவர்ஷெல்\வி1.0. விண்டோஸ் பழையபடி நடமாடும். மற்ற மென்பொருள்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்ததை ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருக்கும்.

இதே விபத்தைச் சத்தமில்லாமல் செய்யும் கட்டளை ஒன்று பல வீடியோக்களில் சுற்றுகிறது: 'செட்எக்ஸ் பாத் "%பாத்%;சி:\எம்சிஸ்64\யுசிஆர்டி64\பின்"'. பார்க்க அழகான ஒரே வரி. ஆனால் செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். உங்கள் பாத் அதைவிட நீளமாக இருந்தால் வால் போய்விடும், வாலில் ஒட்டியிருக்கும் உங்கள் ஜிசிசி ஃபோல்டர்தான் முதல் பலி. அதோடு %பாத்% என்பதில் சிஸ்டம் பாத்தும் யூசர் பாத்தும் ஒட்டி வருவதால், சிஸ்டத்தில் இருப்பதெல்லாம் யூசர் பாத்துக்குள் இன்னொரு தடவை புகுந்துவிடும். நான் யாருக்கும் இந்தக் கட்டளையைப் பரிந்துரைப்பதில்லை. ரன் பாக்ஸில் 'சிஸ்டிஎம்.சிபிஎல்' என்று அடித்து, அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பட்டனைத் தட்டுங்கள், நிதானமாகச் செய்யலாம்.

அங்கே மேலே யூசர், கீழே சிஸ்டம் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். உங்கள் சொந்த லேப்டாப்பில் யூசர் பாத்தில் சேர்த்தாலே போதும், அட்மின் அனுமதி தேவையில்லை. ஆனால் வரிசை முக்கியம்: விண்டோஸ் சிஸ்டம் பாத்தை முன்னால் வைத்து, அதன் வாலில்தான் யூசர் பாத்தை ஒட்டுகிறது. பழைய ஜிசிசி ஒன்று சிஸ்டம் பாத்தில் இருந்தால், நீங்கள் யூசர் பாத்தில் எத்தனை மேலே தூக்கி வைத்தாலும் பழையதுதான் ஜெயிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க 'வேர் ஜிசிசி' என்று அடியுங்கள். பாத்தில் இருக்கும் எல்லா ஜிசிசியையும் தேடுகிற வரிசையிலேயே காட்டும். முதல் வரியில் வருவதுதான் ஓடும். பவர்ஷெல்லில் 'வேர்' என்பது வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பெயர், அங்கே வெறும் வேர் போட்டால் ஒன்றும் வராது; 'வேர்.இஎக்ஸ்இ ஜிசிசி' என்று முழுசாக அடிக்க வேண்டும். கை மாறி வந்த லேப்டாப்களில் இரண்டு மூன்று ஜிசிசி இருப்பது சாதாரணம். கோடுபிளாக்ஸ், டெவ்-சி++ போன்றவை கம்பைலரையும் கூடவே கொண்டுவரும், ஸ்ட்ராபெரி பெர்ல் போட்டாலும் கூடவே ஒரு ஜிசிசி வந்துவிடும். அறிகுறி இரண்டு விதம். புது சி++ வசதியைக் கேட்டால், அப்படி ஒரு ஆப்ஷனே தெரியாது என்று பழைய ஜிசிசி முழிக்கும். இன்னொன்று, கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது 'என்ட்ரி பாயின்ட் நாட் ஃபவுண்ட்' என்று ஒரு பெட்டி வரும். கம்பைல் செய்தது புது ஜிசிசி, ஓடும்போது பாத்தில் முன்னால் நிற்கும் வேறொரு ஃபோல்டரிலிருந்து பழைய 'லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல்' வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். வரிசையை மாற்றுங்கள், அல்லது தேவையில்லாத பழையதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நண்பனின் கணினியில் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் கம்பைல் செய்கிறீர்கள் என்றால் '-ஸ்டேட்டிக்' சேர்த்துவிட்டால் இந்த டிஎல்எல் தொல்லையே இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்குறிகள். உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். சி:\யூசர்ஸ் என்பதற்குள் உங்கள் பெயருக்கான ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வளைகுடாவில் வாங்கி அங்கேயே முதலில் செட்டப் செய்த லேப்டாப் என்பதால் அரபியில் இருந்தால் ஆச்சரியமில்லை. கீழக்கரைப் பக்கம் இப்படி வந்த லேப்டாப்கள் நிறைய. ஜிசிசி கம்பைல் செய்யும்போது இடைப்பட்ட ஃபைல்களைத் தற்காலிக ஃபோல்டரில் எழுதும். அது எங்கே என்று டிஎம்பி, டெம்ப் என்ற இரண்டு வேரியபிள்கள் சொல்கின்றன. வழக்கமாக அவை உங்கள் யூசர் ஃபோல்டருக்குள்ளேயே ஆப்டேட்டா\லோக்கல்\டெம்ப் என்ற இடத்தைக் காட்டும். பழைய பாணியில் எழுதிய புரோகிராம்கள் எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யூனிகோடில் அந்த முகவரியைக் கேட்பதில்லை. விண்டோஸில் அப்போது அமலில் இருக்கும் பழைய எழுத்துத் தொகுப்பில் கேட்கும். விண்டோஸ் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தொகுப்பில் அரபி எழுத்து இருக்காது. இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்துவிடும். அப்படி ஒரு ஃபோல்டர் உலகத்தில் இல்லாததால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. யூசர் பெயரைத் தமிழில் வைத்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: அரபிக்காவது விண்டோஸில் 1256 என்ற பழைய தொகுப்பு உண்டு, தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை, தமிழ் நேராக யூனிகோடில்தான் உள்ளே வந்தது. புதிய ஜிசிசி பதிப்புகளில் இது சரியாகி வருகிறது. ஆனால் பில்ட் வேலையை ஓட்டும் 'மேக்' போன்ற பக்கத்துக் கருவிகள் எல்லாம் திருந்தும் என்று காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சி டிரைவில் நேராக, ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாத பெயரில் 'டெம்ப்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். யூசர் பெட்டியில் டெம்ப், டிஎம்பி இரண்டையும் சி:\டெம்ப் என்று மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். விண்டோஸ் முதலில் பார்ப்பது டிஎம்பியை. நீங்கள் எழுதும் நிரல்களையும் டெஸ்க்டாப்பில் வைக்காமல் சி:\கோட் மாதிரி ஒரு ஃபோல்டரில் வையுங்கள், ஏனென்றால் டெஸ்க்டாப் இருப்பதும் அதே அரபி ஃபோல்டருக்குள்தான். அக்கவுன்ட் பெயரை மாற்றிப் பயனில்லை, உள்ளே ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கிலப் பெயரில் புதிதாக ஒரு லோக்கல் அக்கவுன்ட் திறந்து அதில் வேலை செய்வது நிரந்தரத் தீர்வு. இதோடு சேர்த்து: 'கேனாட் கிரியேட் டெம்பரரி ஃபைல் இன் சி:\விண்டோஸ்' என்று எப்போதாவது வந்தால், டிஎம்பி, டெம்ப் இரண்டும் காணாமல் போயிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். போக்கிடம் இல்லாமல் விண்டோஸ் ஃபோல்டரிலேயே எழுதப் பார்த்து அடி வாங்குகிறது.

கல்லூரி லேபில் செட்டிங்ஸைத் தொட விடமாட்டார்கள் என்றால் பென்டிரைவ் வழி இருக்கிறது. கம்பைலர் ஃபோல்டரைப் பென்டிரைவில் வைத்து, அதன் பக்கத்திலேயே ஒரு பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும், '.பேட்' என்று முடியும் ஃபைல்) 'செட் பாத்=%~டிபி0எம்சிஸ்64\யுசிஆர்டி64\பின்;%பாத்%' என்று ஒரு வரியும், அடுத்த வரியில் 'சிஎம்டி' என்றும் எழுதுங்கள். அந்த '%~டிபி0' என்பது பேட்ச் ஃபைல் இருக்கும் இடத்தை அதுவாகவே கண்டுகொள்ளும். ஒரு கணினியில் ஈ டிரைவ், இன்னொன்றில் எஃப் டிரைவ் என்று மாறினாலும் கவலையில்லை. திறக்கிற ஜன்னலுக்கு மட்டும் இந்தப் பாத், மூடினால் தடமில்லை. நம் ஃபோல்டர் முன்னால் நிற்பதால் லேப் கணினியில் வேறு ஜிசிசி இருந்தாலும் நம்முடையதுதான் ஓடும்.

லேபில் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ என்ற பழைய கம்பைலரை வைத்துப் பழகியவர் என்றால் ஒரு வார்த்தை. அங்கே 'அனேபிள் டு ஓபன் இன்க்ளூட் ஃபைல்' என்று வந்தால் அது விண்டோஸ் பாத் பிரச்சினை அல்ல, டர்போ சி-யின் ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் தப்பாக இருக்கிறது. வீட்டில் ஜிசிசியில் திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' ஃபங்ஷன் இல்லை என்று வருவதும் பாத் கோளாறு அல்ல. ஜிசிசியோடு வரும் கோனியோ ஃபைலில் 'கெட்சிஎச்' உண்டு, 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' கிடையாது.

ஜாவாவுக்கும் இதே கதைதான், இரண்டு வித்தியாசம் மட்டும். ஜாவா_ஹோம் என்பதில் ஜாவா கம்பைலர் இருக்கும் ஜேடிகே ஃபோல்டரை மட்டும் எழுத வேண்டும், 'பின்' கூடாது. பாத்தில் 'பின்' வேண்டும். ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடத்தைச் சொல்லும் கிளாஸ்பாத் என்று ஒரு வேரியபிளைப் பழைய குறிப்பைப் பார்த்துப் போட்டு வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். அது இல்லாதவரை ஜாவா நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் தானாகத் தேடும். அதைப் போட்டுவிட்டால் புள்ளியையும் சேர்த்து எழுதாதவரை அங்கே பார்க்காது, 'மெயின் கிளாஸ்' கிடைக்கவில்லை என்று நிற்கும். விஷுவல் ஸ்டூடியோவின் 'சிஎல்' கம்பைலரைப் பாத்தில் சேர்க்கவே முயலாதீர்கள். அதற்கு இன்க்ளூட், லிப் என்று வேறு வேரியபிள்களும் வேண்டும். அதனோடு வரும் டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்தால் எல்லாம் தயாராக இருக்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: பிரிப்பது செமிகோலன் அல்ல, கோலன். பாத்தை எழுதி வைக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விடாதீர்கள், பழைய '$பாத்' வாலில் இருக்கட்டும், ஒற்றை மேற்கோளுக்குள் போடாதீர்கள். எந்த ஜிசிசி என்று கேட்க 'டைப் -ஏ ஜிசிசி'.

டெம்ப்பையும் பாத்தையும் மாற்றி, புது ஜன்னல் திறந்தும் சரியாகவில்லை என்றால் 'வேர் ஜிசிசி', 'எக்கோ %பாத்%', 'எக்கோ %டிஎம்பி%' மூன்றும் என்ன சொல்கின்றன என்று எழுதுங்கள். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள், முனையில் இருக்கும் எழுத்துதான் எப்போதும் மங்கிவிடுகிறது. கட்டளைக்குப் பின்னால் '| கிளிப்' என்று சேர்த்தால் பதில் திரைக்கு வராமல் கிளிப்போர்டுக்குப் போய்விடும், அப்படியே ஒட்டலாம்.